வேலை முடிந்த மறுநாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் உருக்கும் வேலையைச் செய்வது இண்டக்‌ஷன் ஃபர்னஸ் எனப்படும் மின்தூண்டல் உலை. தண்ணீர் ஓடும் செம்புக்குழாய்ச் சுருளின் நடுவே, 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருகிய இரும்பு தளதளக்கும். தண்ணீருக்கும் அந்த நெருப்புக் குழம்புக்கும் இடையில் இருப்பது ஒரு சாண் கனம்கூட இல்லாத சுவர். ஆலையில் அதை லைனிங் என்பார்கள். சிலிக்கா தூளை அடுக்கடுக்காகக் கொட்டி, இடித்துக் கெட்டித்து, மெல்ல மெல்லச் சூடேற்றி இறுகவைத்துக் கட்டுவது அது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் தேயும். ஒரு கட்டத்தில் உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இந்த வேலையில் ஒரு புதிர் உண்டு. அதே ஆட்கள், அதே நிறுவனத்தின் தூள், அதே ஃபோர்மன். ஒரு லைனிங் நன்றாக உழைக்கிறது. அடுத்தது அதில் பாதிக் காலத்திலேயே தேய்ந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மழை நாளில் மூட்டை ஈரம் வாங்கியிருக்கலாம். இடிக்கும்போது ஒரு பக்கம் தளர்வாக விட்டுப்போயிருக்கலாம். ஆர்டர் அவசரத்தில் சூடேற்றும் நேரத்தைக் குறைத்திருக்கலாம். ஸ்க்ராப்பில் துரு அதிகம் இருந்திருக்கலாம். உலையைத் தேவைக்கு மேல் சூடாக்கியிருக்கலாம். இவற்றில் எதையும் தள்ளிவிட முடியாது, எல்லாமே லைனிங்கைக் கெடுக்கக்கூடியவைதான். ஆனால் இந்த முறை கெடுத்தது எது என்று காட்ட வேண்டிய ஒரே சாட்சியான தேய்ந்த சுவர் உடைபட்டு லாரி ஏறிப் போயிருக்கும். மறுநாள் அடுத்த லைனிங் தொடங்கிவிடும்.

தேய்ந்த லைனிங் வெறும் செலவுக் கணக்கு மட்டும் இல்லை. சுவரைத் துளைத்துக்கொண்டு உருகிய இரும்பு சுருளைத் தொட்டுத் தண்ணீரோடு கலந்தால் உலையே வெடிக்கும். அதனால் இந்தப் புதிருக்கு விடை தேடுவது உயிர் காக்கும் வேலை.

ஒரு கேள்வி எழுகிறது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள குழுவுக்கு இதெல்லாம் அத்துபடி ஆகியிருக்க வேண்டாமா? அனுபவம் தானாகவே பாடம் சொல்லித் தரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஓரளவு உண்மை என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1936-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் டி. பி. ரைட் ஒரு கணக்கை வெளியிட்டார். கட்டிய விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் மனித உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது என்றது அந்தக் கணக்கு. இதைக் கற்றல் வளைகோடு என்கிறோம்.

ஆனால் ரைட் பார்த்த வேலையின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஒரே வேலை திரும்பத் திரும்ப வருகிறது. தவறு செய்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. ஒரு தவறுக்கு ஒரு காரணம். கையும் கண்ணும் தாமாகவே திருத்திக்கொள்கின்றன. திட்டப் பணி அப்படிப்பட்டது இல்லை. உலையை மறுபடி கட்டுவது, மின்நிலையத்தின் ஆண்டுப் பராமரிப்புக்காக எந்திரங்களை நிறுத்திப் பிரித்துப் பூட்டுவது, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு புதிய எந்திர வரிசையை நிறுவுவது ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், வேலை எப்போதாவதுதான் வருகிறது. விளைவு தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. தெரியும்போது பத்துக் காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. அந்த இடைவெளியில் மனிதர்களின் நினைவு தன் வேலையைச் செய்துவிடுகிறது.

நினைவு என்ன செய்கிறது என்பதை 1970-களில் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் புறப்படும் முன், ஃபிஷாஃபும் ரூத் பெய்த்தும் இஸ்ரேலிய மாணவர்களிடம், இது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணால் மதிப்பிடச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் கொடுத்த எண் என்ன என்று நினைவுபடுத்தி எழுதச் சொன்னார்கள். நடந்துவிட்டதாக மாணவர்கள் அறிந்த நிகழ்ச்சிகளுக்கு, தாங்கள் முதலிலேயே அதிக வாய்ப்பு கொடுத்ததாக எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் பழைய நினைவே மாறியிருந்தது. இதைப் பின்னறிவு மயக்கம் எனலாம். “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்பவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

இதன் விளைவை நம் ஊர்க் கல்யாண வீட்டில் பார்க்கலாம். மொய்ப் பணத்தை மறுநாள் நினைவிலிருந்து எழுதலாம் என்று எந்த வீட்டிலும் விடுவதில்லை. பந்தல் வாசலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, பணம் கைக்கு வரும்போதே ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார். அதே வீட்டில் இரண்டாம் பந்தியில் சாம்பார் ஏன் தீர்ந்தது என்பதற்கு மட்டும் நோட்டு இல்லை. நாலு நாள் கழித்துக் கேட்டால் சமையல்காரர் ஒன்று சொல்வார், மாப்பிள்ளையின் மாமா வேறொன்று சொல்வார், அடுத்த கல்யாணத்திலும் சாம்பார் தீரும். ஆலைகளிலும் கணக்கு எழுதும் பழக்கம் பணத்துக்கும் பொருளுக்கும் இருக்கும் அளவுக்கு, எடுத்த முடிவுகளுக்கும் அவற்றின் காரணங்களுக்கும் இல்லை.

முடிந்த வேலையை உட்கார்ந்து அலசும் முறையின் அறிவியல் இங்கேதான் தொடங்குகிறது. ரிவ்யூ, டிப்ரீஃப் என்று தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் விமானத் துறையிலும் வழங்கும் இதைப் பணிப்பின் அலசல் என்று அழைக்கலாம். அதன் முதல் பயன், முடிவு வந்து நினைவைத் திருத்தி எழுதுவதற்கு முன்பே நடந்ததைப் பிடித்து வைப்பது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏறும் நாட்களில் கும்மிடிப்பூண்டி மொட்டைமாடிகளில் நின்றே புகைத்தடத்தைப் பார்க்க முடியும். இந்தியாவில் பணிப்பின் அலசல் எப்படி நடந்தது என்பதற்கு மிக நன்றாகப் பதிவான கதை அங்கேதான் இருக்கிறது.

1979 ஆகஸ்ட் 10 காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. முதல் கட்டம் கச்சிதமாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து, கரையிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

மறுநாளே, ஆகஸ்ட் 11 அன்று, எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி அலசினார்கள் என்று கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு வாரம் ஆறவிட்டுக் கூடியிருக்கலாம், ஆனால் அதற்குள் ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்கு ஒரு கதையைத் திரட்டி வைத்திருக்கும். பிறகு எஸ். கே. ஆதித்தன் தலைமையிலான குழு ஆழமாகத் தோண்டியது.

அந்தக் குழு எப்படிப் படிப்படியாகக் கீழே இறங்கியது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. ராக்கெட் ஏன் விழுந்தது? இரண்டாம் கட்டம் பறந்தபோது அதைத் திருப்பிச் சரிசெய்யும் விசை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அந்த விசையைத் தரும் சிறு எந்திரத்துக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் பெருமளவு வடிந்துபோயிருந்தது. ஏன் வடிந்தது? கிளம்புவதற்கு எட்டு நிமிடம் முன்பு முதல் கட்டளை போனபோது திறந்த ஒரு வால்வு, அழுக்கு அடைத்ததால் மூடாமலே நின்றுவிட்டது.

கூட்டத்தில் இருந்த பலருக்கும் இது போதுமானதாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, வால்வைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அறிக்கையை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் முன்னிலையில் வைத்தபோது கலாம் எழுந்து இன்னொரு படி கீழே இறங்கினார். அமிலக் கசிவு ஏவுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பெரிய விஷயமில்லை என்று மதிப்பிட்டு மேலே போகச் சொன்னது திட்ட இயக்குநரான தாமே என்றும், ஏவுவதை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அறிவியல் நோக்கில் இந்த ஒரு படிதான் முக்கியம். வால்வு அடைத்தது ஒரு பொருளின் தவறு. கசிவு தெரிந்தும் தொடரலாம் என்று முடிவெடுத்தது ஒரு முறையின் தவறு. முதலாவதை மட்டும் திருத்தினால் அடுத்த முறை வேறொரு வால்வு, வேறொரு குழாய், அதே “பரவாயில்லை, போகலாம்”. இங்கே பின்னறிவு மயக்கமும் குறுக்கே வருகிறது. இன்று படிப்பவருக்கு, கசிவு தெரிந்தும் ஏவினார்களா என்று வியப்பாக இருக்கும். அன்று காலை அந்த அறையில் இருந்த நிபுணர்களுக்கு, மிச்சமிருக்கும் அமிலம் போதும் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு என்ன, எந்த எண்ணை நம்பினார்கள், எதை அளக்கவில்லை என்று கேட்டால்தான் பாடம் கிடைக்கும். நிபுணர்களை முட்டாள்கள் என்று முடிவுகட்டிவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஓராண்டுக்குள், 1980 ஜூலை 18 அன்று, அதே ஏவுதளத்திலிருந்து எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்கக் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற ராணுவப் பயிற்சிக் களம் உருவாகிக்கொண்டிருந்தது. வீரர்கள் துப்பாக்கிகளில் லேசர் கருவி பூட்டி, உண்மைப் போர் போலவே மோதினார்கள். யார் யாரைச் சுட்டார்கள் என்பதைக் கருவியே பதிவு செய்தது. மோதல் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாலு கேள்விகள்: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? வித்தியாசம் ஏன் வந்தது? அடுத்த முறை என்ன செய்வோம்? கூட்டத்தில் பதவி பார்க்கக்கூடாது. தளபதியின் கட்டளை குழப்பமாக இருந்தது என்று கடைநிலை வீரரும் சொல்லலாம். இன்று தொழில் உலகத்தில் வழங்கும் அலசல் முறைகளில் பலவற்றுக்கு இதுதான் மூலம்.

நாலு கேள்விகளில் முதல் கேள்வியைத்தான் பெரும்பாலான கூட்டங்கள் தாண்டிக் குதித்துவிடுகின்றன. என்ன திட்டமிட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தாளில் எழுதச் சொன்னால் ஆறு பேர் ஆறு திட்டம் எழுதுவார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே வெளியே வந்துவிடும்.

இப்படிப் பேசுவதால் உண்மையில் பயன் உண்டா, அல்லது பேசிக் கலைந்த திருப்தி மட்டும்தானா? ஸ்காட் டானென்பாம், கிறிஸ்டோஃபர் செராசோலி இருவரும் 2013-இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். இத்தகைய வேலைக்குத் தொகுப்பாய்வு என்று பெயர். 46 மாதிரிகள், 2,136 பேர். போர்ப் பயிற்சி, மருத்துவம், விமானம் எனப் பல துறைகள். அலசல் நடத்திய குழுக்கள், நடத்தாத குழுக்களைவிடச் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் வரை மேம்பட்டுச் செயல்பட்டன. உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு எந்தச் செலவும் இல்லாத ஒரு முறைக்கு இது பெரிய பலன். ஆனால் முறையாக நடத்தினால்தான் அந்தப் பலன் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

எதை அலச வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். தோற்றால் கூட்டம் போடுவார்கள், வென்றால் இனிப்பு வழங்குவார்கள். இஸ்ரேலிய ராணுவத்தில் திசையறிந்து நடக்கும் பயிற்சியில் இருந்த வீரர்களை இரண்டு பிரிவாக்கி ஷ்முவேல் எல்லிஸும் இன்பார் தவிதியும் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு பிரிவினர் தங்கள் தவறுகளை மட்டும் அலசினார்கள். மற்றவர்கள் தவறுகளோடு சரியாகச் செய்தவற்றையும் அலசினார்கள். இருவரும் முன்னேறினார்கள், ஆனால் இரண்டையும் அலசியவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள்.

வெற்றியில் அலச என்ன இருக்கிறது? கொலம்பியா விண்கலத்தை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க விண்ணோடங்களின் எரிபொருள் தொட்டியிலிருந்து கிளம்பும்போதே நுரைப்பஞ்சுத் துண்டுகள் உடைந்து விழுவது ஆண்டுக்கணக்காக நடந்துவந்தது. வடிவமைப்பின்படி அது நடக்கவே கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் விண்வெளி வீரர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். திரும்பிவந்ததையே, அது ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். 2003 ஜனவரி 16 அன்று ஏவிய 82-ஆவது வினாடியில் ஒரு துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். 1986-இல் வெடித்த சேலஞ்சர் விண்ணோடத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான், இந்தப் போக்குக்கு முன்பே ஒரு பெயர் கொடுத்திருந்தார். தமிழில் அதைப் பிறழ்வு பழகிப்போதல் எனலாம். விதிக்குப் புறம்பான ஒன்று நடக்கிறது, கெடுதல் எதுவும் வருவதில்லை, அடுத்த முறை அதுவே விதியாகிவிடுகிறது. சூடேற்றும் நேரத்தை ஒருநாள் குறைத்தும் லைனிங் தாங்கிவிட்ட ஆலையில் நடப்பதும் இதேதான்.

பீட்டர் மேட்சனும் வினித் தேசாயும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஸ்ரீஹரிகோட்டாவின் தொழிலைப் பற்றியது. உலகம் முழுவதும் செயற்கைக்கோள் ஏவும் அமைப்புகளின் நெடுங்கால வெற்றி தோல்விகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். தோல்வியிலிருந்து அமைப்புகள் கற்பது, வெற்றியிலிருந்து கற்பதைவிட அதிகம். அப்படிக் கற்றது நெடுநாள் நிலைக்கிறது, வெற்றியில் கற்றது சீக்கிரம் தேய்கிறது. இதையும் எல்லிஸின் முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தோல்வி வந்தால் யாரும் சொல்லாமலே கேள்வி எழும். வெற்றியில் கேள்வியை யாராவது வலிந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் வெற்றிக்குப் பிந்தைய அலசல் தோல்விக்குப் பிந்தையதைவிட அதிக முயற்சி கேட்கும் வேலை.

எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதற்கு இன்னொரு ஸ்ரீஹரிகோட்டா எடுத்துக்காட்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ராக்கெட்டின் முதல் பயணம். செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்குப் பதில், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்துவரும் பாதையில் விடப்பட்டு, காற்றுமண்டலத்தில் விழுந்தன. அன்று வெளிவந்த முதல் செய்தி, உணர்கருவி பழுது என்பதைப் போல இருந்தது. பின்னர் இஸ்ரோ வெளியிட்ட ஆய்வு முடிவு அதைத் தலைகீழாக்கியது. கருவிகளில் பழுதே இல்லை. இரண்டாம் கட்டம் பிரியும்போது எழுந்த அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் கருவிகளைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திணறடித்தது. கணினி அதைக் கருவிப் பழுது என்று முடிவுகட்டி, உள்ளதை வைத்து எப்படியாவது காப்பாற்றும் முறைக்கு மாறியது. அதிர்வு ஏன் எதிர்பாராததாக இருந்தது? தரையில் நடந்த சோதனைகளில் அளந்ததைவிட, பறக்கும்போது அது அதிகமாக இருந்தது.

கருவி கெட்டது என்ற முதல் பதிலோடு நின்றிருந்தால், நல்ல கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு நல்ல கருவியைப் பூட்டி, அடுத்த ராக்கெட்டையும் இழந்திருப்பார்கள். இஸ்ரோ மாற்றியது பிரிக்கும் பொறியமைப்பையும், பழுது என்று முடிவுகட்டும் தர்க்கத்தையும். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. வென்றது.

ஆழம் போகும் இந்தப் பயணத்துக்கு ஒரு தடை உண்டு. உண்மையை முதலில் பார்த்தவர் வாய் திறக்க வேண்டும். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணப் போனார். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிக்கை அங்கேதான் அதிகமாக வந்தது. தோண்டியபோது தெரிந்தது: அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, நடந்தவை மறைக்கப்படாமல் வெளியே சொல்லப்பட்டன. மற்ற பிரிவுகளில் செவிலியர்கள் பயந்து மூடிக்கொண்டார்கள். சொன்னால் தண்டனை வராது என்ற இந்த நம்பிக்கையை உளப்பாதுகாப்பு என்கிறார்கள். ஏடுகளில் தவறே பதிவாகாத ஆலையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது.

கும்மிடிப்பூண்டியில் இந்தத் தடைக்கு இன்னொரு முகம் உண்டு. உலை முன்னே நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். அதிகாரியின் கூட்டம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தூள் மூட்டை நனைந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தவருக்கு ஒடியாவோ போஜ்புரியோதான் சரளம். அவர் ஆலையின் ஊழியர் பட்டியலிலும் இல்லை, கூட்டத்திலும் இல்லை. கான்ட்ராக்ட் முடிந்து ரயிலேறும்போது அவர் கண்டது அவரோடு போய்விடுகிறது. அலசல் கூட்டத்துக்கு அவரையும் அழைத்து, மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேஸ்திரிக்கு முன்னதாக அவரைப் பேசவிடுவது பெரிய செலவில்லை. மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும். பேச்சைக் கீழிருந்து தொடங்குவது அதனால்தான் அவசியம்.

கற்ற அறிவு தானாக நிலைப்பதில்லை என்பதற்கும் அளவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளங்களில் கட்டப்பட்ட லிபர்ட்டி கப்பல்களின் பதிவேடுகளை லிண்டா ஆர்கோட்டும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் ஆராய்ந்தார்கள். வேலை செய்து கற்ற அறிவு வேகமாகத் தேய்ந்துபோவது அதில் தெரிந்தது. தாமதமாகத் தொடங்கிய தளங்கள் முன்னோடிகளின் அனுபவத்தோடு தொடங்கின என்பதும் தெரிந்தது. கற்றது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இந்தச் சேமிப்பில் தேர்ந்த ஒரு தொழிற்கூடம் கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே இருந்தது. 1998-இல் அம்பத்தூரை ஒட்டிய பாடியிலிருந்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையைச் சுற்றிய பல வாகன உதிரிபாக நிறுவனங்களும் அந்தப் பரிசை வென்றன. திட்டமிடு, செய், சரிபார், நிலைநிறுத்து என்ற நாலு படிகளை விடாமல் சுற்றுவது இந்த முறையின் அடிப்படை. நாலாவது படிதான் கடினமானது. சரிபார்த்துக் கண்டுபிடித்ததை வேலைமுறைத் தாளில், வரைபடத்தில், சோதனைப் பட்டியலில் மாற்றி எழுதும்வரை ஜப்பானியர் அலசல் முடிந்ததாகக் கணக்கில் கொள்வதில்லை.

அதிலும் உறுதியான சேமிப்பு இரும்பில் இருக்கிறது. ஒரு உதிரியைத் தலைகீழாகப் பொருத்தியதால் சிக்கல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். “கவனமாக இருக்கவும்” என்று சுற்றறிக்கை அனுப்பலாம். அது ஒரு மாதம் தாங்கும். உதிரியைப் பிடித்துவைக்கும் பிக்ஸ்சரில் ஒரு சிறு முளை வைத்து, தலைகீழாக வைத்தால் உள்ளேயே போகாதபடி செய்யலாம். ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் பரப்பிய போக்கா-யோக்கே முறை இதுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும், மொழி தெரியாதவரும், பழைய கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவரும் அந்தப் பாடத்தைப் பின்பற்றுவார்கள். காக்களூர், அம்பத்தூர் பட்டறைகளில் ஜிக், பிக்ஸ்சர்களைக் கூர்ந்து பார்த்தால், இப்படிப்பட்ட முளைகளும் வெட்டுகளும் கண்ணில் படும்.

ஒரு கூடத்துக்குள் கற்றது அடுத்த கூடத்துக்குப் போவது இன்னும் கடினம். 2006 ஜூலை 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02 ராக்கெட் கிளம்பிய சற்று நேரத்தில் சிதைந்தது. அதன் நாலு திரவ எரிபொருள் துணை ராக்கெட்டுகளில் ஒன்று உந்துவிசையை இழந்திருந்தது. காரணம், எரிபொருள் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு ஒழுங்கமைப்பானை உருவாக்கும்போது நேர்ந்த தவறு, அதற்குப் பிந்தைய சோதனைகளிலும் சிக்காமல் போனது. இஸ்ரோ இந்த முடிவை இரண்டு மாதத்துக்குள் வெளியிட்டது. சின்னஞ்சிறு உதிரிகளைக் கடைந்து அனுப்பும் பட்டறைக்காரர் எவருக்கும் அந்த நாலு வரி பெரிய பாடம். வடிவமைப்பு சரி, பொருள் சரி, சோதனை நடந்தது, இருந்தும் தப்பியது. தன் சோதனை மேசையில் எது தப்பக்கூடும் என்று அவர் யோசிக்க அது போதும்.

2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டதாக இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அன்றே தெரிவித்தார். ஆனால் ஆய்வுக் குழுவின் அறிக்கை பல மாதங்கள் கடந்தும் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. இந்திய ராக்கெட்டுகளுக்கான உதிரிகளைச் சிறிதும் பெரிதுமாகப் பல தனியார் தொழிற்கூடங்கள் செய்துதருகின்றன, விண்வெளித் துறையில் புதிய நிறுவனங்களும் நுழைந்திருக்கின்றன. ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02-க்கும் முதல் எஸ்.எஸ்.எல்.வி.-க்கும் செய்ததைப் போல, காரணத்தையும் மாற்றியதையும் இரண்டு பக்கத்தில் எழுதி வெளியிடும் வழக்கத்துக்கு இஸ்ரோ திரும்ப வேண்டும். 1979 ஆகஸ்டில் அந்த அறையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று அந்தப் பாடம் தேவைப்படுகிறவர்கள் அறைக்கு வெளியேயும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.